உரையாடல் பகுப்பாய்வு வகுப்பு எங்கே சிக்கியது? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

உரையாடல் பகுப்பாய்வை, அதாவது நிஜப் பேச்சைப் பதிவுசெய்து அது எப்படி நடக்கிறது என்று வரி வரியாக ஆராயும் துறையை, சொல்லித் தருகிறவர்களும் தாங்களாகவே கற்றுக்கொள்கிறவர்களும் சிக்கிக்கொள்ளும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான். வருஷா வருஷம் அதே கேள்விகள் வருகின்றன. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். கோட்பாடு இங்கே கிடையாது. உங்கள் வகுப்பில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், காசு கேட்கும் காரணம் கடைசியில் இருக்கும். வரிசையை மாற்ற வேண்டாம். புது மைக் வாங்கி வந்த பிறகுதான் ஃபேனை நிறுத்தியிருந்தாலே போதும் என்று தெரியவரும்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை. டிரான்ஸ்கிரிப்டை (பதிவில் கேட்டதை அப்படியே எழுதிய தாளை) மூடிவைத்துவிட்டு, சிக்கல் தருகிற அந்தப் பத்து வினாடியை மட்டும் ஹெட்ஃபோனில் நாலைந்து முறை கேளுங்கள். நிறைய விஷயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் கீழே பாருங்கள்.

## ஆராய்வதற்குப் பதிவே இல்லை

### சினிமா வசனமோ, தானே எழுதிய உரையாடலோ கொண்டுவருகிறார்கள்

எதைக் கொண்டுவரக் கூடாது என்று முதல் வகுப்பில் யாரும் சொல்லாததுதான் பெரும்பாலும் காரணம். எழுதிய வசனத்தில் ஆளுக்கு ஒரு முறை என்று வரிசையாகப் பேசுவார்கள். பாதியில் அறுந்த சொல் இருக்காது, ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழாது. நாம் தேடுகிற எல்லாவற்றையும் எழுதியவர் ஏற்கெனவே துடைத்துவிட்டிருப்பார். ‘நடந்த பேச்சு, பதிவான பேச்சு, இரண்டும் இருந்தால்தான் டேட்டா’ என்று பலகையில் எழுதிப் போடுங்கள். வேறு செலவில்லை.

### டிவி விவாதம், யூடியூப் நேர்காணல் வருகிறது

இது நிஜப் பேச்சுதான். ஆனால் ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்ல என்று முன்கூட்டியே பங்கு பிரித்த பேச்சு. நேர்காணலை நேர்காணலாக ஆராய்ந்தால் சரி. ‘தமிழர்கள் சாதாரணமாக இப்படித்தான் பேசுவார்கள்’ என்று அதிலிருந்து முடித்தால் தவறு. இன்னொரு பொறியும் உண்டு. யூடியூப் காணொளிகளில் மௌனங்களை வெட்டியெடுத்திருப்பார்கள். பேசுகிறவரின் தலை சட்டென்று இடம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அங்கே கத்தரி விழுந்திருக்கிறது. அந்தப் பதிவில் மௌனத்தை அளப்பதில் அர்த்தமில்லை.

### உண்மையான பதிவு வேண்டும், எங்கே கிடைக்கும்?

காசில்லாமல் தொடங்குங்கள். இந்தத் துறையைத் தொடங்கியவர்களில் ஒருவரான இமானுவேல் ஷெக்லாஃப் கலிஃபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலஸ் வளாகத் தளத்தில் வைத்த பயிற்சிப் பக்கத்தில், மௌனம், இழுத்தல், மூச்சு போன்றவற்றை எழுதிக்காட்டும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒலித்துணுக்கு உண்டு. குறியீடு பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் மாக்வின்னி நடத்தும் டாக்பேங்க் களஞ்சியத்தில் இந்தத் துறைக்கென்றே சிஏபேங்க் என்ற பகுதி இருக்கிறது. சில தொகுப்புகள் திறந்தவை, சிலவற்றுக்குக் கடவுச்சொல் கேட்டு வாங்க வேண்டும். சாண்டா பார்பரா அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் 60 பதிவுகள், ஏறத்தாழ 2,49,000 சொற்கள், ஒலியோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அதன் குறியீட்டு முறை வேறு. தொனி இறங்கி ஏறும் துண்டு ஒவ்வொன்றும் ஒரு வரி, இடைவெளிகளுக்குப் புள்ளிகள். மாணவர்கள் அதையும், இந்தத் துறையில் வழக்கமான கெய்ல் ஜெஃபர்சனின் குறியீட்டு முறையையும் கலந்து ஒரு புது முறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒலியை மட்டும் கொடுத்து, ஜெஃபர்சன் முறையில் தாங்களே எழுதவிட்டு, பிறகு ஒப்பிடச் சொல்லுங்கள்.

தமிழ்தான் வேண்டும் என்றால், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலுள்ள லிங்விஸ்டிக் டேட்டா கன்சார்ட்டியம் 1996-ல் வெளியிட்ட கால்ஃப்ரெண்ட் தமிழ் தொகுப்பு இருக்கிறது. 5 முதல் 30 நிமிடம் வரை நீளும் 60 தொலைபேசிப் பேச்சுகள். காசு கட்ட வேண்டும், எனவே கல்லூரி நூலகம் வழியாகக் கேளுங்கள்.

சரி, எதுவும் கிடைக்கவில்லையா? சொந்த வீட்டில் சாயங்கால டீ நேரத்தைப் பத்து நிமிடம் பதிவுசெய்யச் சொல்லுங்கள். முன்பே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கி, பதிவு முடிந்ததும் ‘இன்னும் சம்மதம்தானா’ என்று மறுபடி கேட்டு. மறைத்து எடுப்பது கூடவே கூடாது.

எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கேட்க வேண்டும்: ஆஸ்பத்திரி, பள்ளி, காவல் நிலையம், ஆலோசனை மையம் என்று எங்கு போனாலும் பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் போங்கள். 18 வயதுக்குக் கீழ் ஒருவர் பேச்சில் இருந்தால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதையே சொல்கிறது.

## பதிவு இருக்கிறது, பேச்சு காதில் விழவில்லை

### ஒரே இரைச்சல்

நம் ஊர்ப் பதிவுகளைக் கெடுப்பதில் முதலிடம் சீலிங் ஃபேனுக்கு. அடுத்தது, போனை நேராக மேஜைமேல் வைப்பது. டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள். பேசுகிறவர்களுக்கு நடுவில், கைக்கெட்டும் தூரத்தில்.

ஏற்கெனவே எடுத்த பதிவா? ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சல் குறைப்பு உண்டு. மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள், லேசாகச் செய்யுங்கள். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் மூச்சும் தணிந்த குரலும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். நமக்கு வேண்டியது அவைதான். இதெல்லாம் செய்தும் தேறாவிட்டால்தான் இரண்டு மைக் உள்ள சின்ன ரெக்கார்டருக்குச் செலவழிக்கலாம்.

### அனுப்பியவர் போனில் நன்றாக இருக்கிறது, நமக்கு வந்ததும் கெட்டுவிட்டது

வாட்ஸாப் காணொளியைச் சுருக்கி அனுப்புகிறது. ‘டாக்குமெண்ட்’ வழியாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள்.

### ஜூம் பதிவில் இருவர் சேர்ந்து பேசும்போது ஒரு குரல் மங்குகிறது

மென்பொருள் ஒருவரை அமுக்கிவிட்டு மற்றவரை மேலே கொண்டுவருகிறது. கணினியில் பதிவதற்கான அமைப்புகளில், பங்கேற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒலிக்கோப்பு எடுக்கும் வசதி இருக்கிறது. அடுத்த முறை அதைப் போட்டுவிடுங்கள். ஆனால் மௌனங்களின் சிக்கல் அதிலும் தீராது. இணையத் தாமதத்தால், உங்கள் பக்கம் 0.9 வினாடி மௌனமாகக் கேட்டது எதிர்ப்பக்கம் அவ்வளவு இருந்திருக்காது. இணையப் பேச்சை வைத்து மௌனத்தின் நீளம் பற்றி வாதிட வேண்டாம். கேள்வியை மாற்றிக்கொள்வதுதான் வழி.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: திரும்ப எடுக்கவே முடியாத பதிவு என்றால் மட்டும். பழைய கேசட், காலமான பாட்டியின் குரல் போன்றவை. ஒலிப்பதிவுக்கூடத்தில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றுங்கள். சுத்தம் செய்த கோப்போடு, சுத்தம் செய்யாத மூல வேவ் (.wav) கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

## ஈலான் முரண்டு பிடிக்கிறது

ஒலியோடு நேரப்படி பொருத்தி எழுத உதவும் ஈலான், நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் இலவச மென்பொருள். இதன் கோளாறுகள் பெரும்பாலும் கோப்புக் கோளாறுகள்தான்.

ஒலிக்கோப்பைக் காணோம் என்கிறதா? யாரோ கோப்புறையை நகர்த்தியிருப்பார்கள். ஈலான் கோப்பையும் ஒலியையும் ஒரே கோப்புறையில் வைத்து மறுபடி காட்டிக்கொடுங்கள். அலைவடிவம் தெரியவில்லையா? எம்பி3-யை வேவ் ஆக மாற்றுங்கள். ஐபோன் காணொளி திறக்கவில்லையா? கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து இனிமேல் எடுங்கள். எடுத்தவற்றை ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் மாற்றுங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்த எழுத்து போகப்போக ஒலியைவிட்டு விலகுகிறதா? பிட் வீதமோ (பிட் ரேட்) சட்ட வீதமோ (ஃப்ரேம் ரேட்) மாறிக்கொண்டே இருக்கும் கோப்பு அது. நிலையான வீதத்துக்கு மாற்ற வேண்டும். இதை எழுதத் தொடங்கும் முன் செய்தால் பத்து நிமிட வேலை, எழுதி முடித்த பிறகு என்றால் ஒரு வார வேலை. இதற்கெல்லாம் கல்லூரிக் கணினிக் கூடத்து உதவியாளரே போதும். காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்குவது தீர்வல்ல.

## ஒரு நிமிடத்தை எழுத ஒரு நாள் போகிறது

மெதுவாகப் போவது இயல்பு. ஆனால் ஒரு முழு நாள் என்றால், எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். சுற்றுச் சுற்றாகப் போகச் சொல்லுங்கள். முதலில் சொற்கள் மட்டும். அடுத்த சுற்றில் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்களும் மௌனங்களும். அப்புறம் இழுத்தல், அழுத்தம், வேகம். மூச்சும் சிரிப்பும் கடைசியில். பத்து நிமிடப் பதிவு முழுவதையும் எழுதச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முப்பது வினாடியைத் தேர்ந்தெடுத்து எழுதட்டும்.

### மௌனத்தில் தகராறு

‘சிறிது இடைவெளி’ என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஆடாசிட்டியில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் நீளம் கீழேயே தெரியும். பத்தில் ஒரு வினாடிக் கணக்கில் அடைப்புக்குள் எழுத வேண்டும். 0.2-க்குக் கீழ் என்றால் வெறும் புள்ளி, இப்படி: (.) . ‘அரை வினாடியில் என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்களுக்கு, 2009-ல் பத்து மொழிகளை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வைச் சொல்லுங்கள். ஆம், இல்லை என்று பதில் எதிர்பார்க்கும் கேள்வி முடிந்து பதில் தொடங்க ஆன இடைவெளி அதில் சராசரியாக 0.2 வினாடி அளவில்தான் இருந்தது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. நம் மாணவர்கள் அளந்து பார்க்க நல்ல வேலை அது.

## டிரான்ஸ்கிரிப்ட் பார்க்க ரொம்பச் சுத்தமாக இருக்கிறது

கேட்டவுடன் நல்ல செய்தி மாதிரி இருக்கும். பழுது இருப்பதற்கு இதுதான் முதல் அடையாளம்.

### ‘போய்விட்டு வருகிறேன்’ என்று எழுதியிருக்கிறார்கள்

பேசியது ‘போய்ட்டு வரேன்’. பன்னிரண்டு வருஷம் தமிழ்ப் பரீட்சை எழுதிய கை தானாகத் திருத்திவிடுகிறது. எழுதியதைச் சத்தமாகப் படித்துவிட்டு உடனே பதிவைப் போடச் சொல்லுங்கள், வித்தியாசம் அவர்களுக்கே கேட்கும்.

### ‘ம்ம்’, ‘ஆங்’, அறுந்த சொல் எதுவுமே இல்லை

இரண்டு நண்பர்கள் இரண்டு நிமிடம் பேசி ஒரு ‘ம்ம்’ கூட இல்லை என்றால் எழுதியது மனிதக் காது இல்லை. விஸ்பர் போன்ற தானியங்கி எழுத்து மென்பொருள்கள் திக்கலையும் திரும்பச் சொன்னதையும் விழுங்கிவிடும். மௌனமான இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தைப் போட்டுவிடுவதும் உண்டு. முதல் சுற்றுச் சொற்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் அதையும் அனுமதிப்பதில்லை. தவறாக எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது அந்த வரியைத்தான் கேட்கும்.

### காசு கொடுத்துத் தட்டச்சு செய்ய வைத்தது

சுத்தமாகக் கொடுப்பதுதான் தட்டச்சு செய்பவர் தொழில், அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியாளிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், குறியீட்டுப் பக்கத்தோடு நீங்களே எழுதிய ஒரு நிமிட மாதிரியையும் கொடுங்கள். திரும்பி வந்ததை முழுக்க மறுபடி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

## அடைப்புக்குறிகள் நேருக்கு நேர் நிற்கவில்லை

கீழே உள்ள ஐந்து வரி, குறியீடு காட்ட நானே எழுதியது. பயிற்சிக்கு ஆகும், இதிலிருந்து தமிழ்ப் பேச்சு பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. ‘.ஹ்’ உள்ளிழுத்த மூச்சு, ‘::’ இழுத்தல், ‘-’ பாதியில் அறுந்த சொல், [ ] ஒன்றின்மேல் ஒன்று விழும் பேச்சு.

1 மாலா: ஞாயித்துக்கிழமை வர்றீங்கல்ல?
2 (0.7)
3 செல்வி: .ஹ் அது வந்து:: எங்க [மாமியா- ]
4 மாலா:                                      [இல்ல] முடிஞ்சா பாருங்க.
5 செல்வி: ஆங் பாக்குறேன் பாக்குறேன்.

3, 4-ஆம் வரிகளின் இடது அடைப்புகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்று நிற்க வேண்டும், ஏனென்றால் மாலா எந்த எழுத்தில் நுழைந்தாள் என்பதைக் காட்டுவது அதுதான். உங்கள் திரையில் அவை விலகியிருந்தால் நான் சொல்லவரும் சிக்கல் அதேதான்.

ஆங்கிலத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் கூரியர் எழுத்துருவைப் போட்டால் வேலை முடிந்தது. தமிழில் ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலத்தில் அடங்காது. வேர்டில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக்கினால் எழுத்துருவை மாற்றியதும் எல்லாம் கலையும். டேப் நிறுத்தம் வைத்து அடைப்பை அங்கே நிறுத்துங்கள், அல்லது கோடில்லாத அட்டவணையில் வையுங்கள். ஆய்வேட்டுக்கு அச்சு முடிவாகும்வரை நேராக்குவதில் நேரம் போக்கவே வேண்டாம். ஈலானில் நேரப்படி நிற்கிறது, அது போதும்.

தமிழுக்கே உரிய இன்னும் சில தொல்லைகள் உண்டு. ஜெஃபர்சன் முறையில் உரத்த குரலுக்குப் பெரிய எழுத்து, நம்மிடம் பெரிய எழுத்தே இல்லை. தடித்த எழுத்து என்று முடிவுசெய்து முதல் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். இழுத்தலுக்கான முக்காற்புள்ளியை ‘கொ’ முழுவதும் முடிந்த பிறகு போட வேண்டும். நடுவில் தட்டினால் எழுத்து உடைந்து புள்ளிவட்டம் வரும். அழுத்தத்துக்கு அடிக்கோடு போடும்போது உயிரை மட்டும் பிரித்துக் கோடு போட முடியாது, முழு எழுத்துக்கும் போடுங்கள். சீனியர் கொடுத்த பழைய கோப்பு குப்பையாகத் திறந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு, யூனிகோட் மாற்றியில் போட்டால் சரியாகிவிடும்.

## பகுப்பாய்வு கதை சொல்லிக்கொண்டு போகிறது

எல்லாப் பழுதிலும் அதிகம் வருவது இது. மேலே உள்ள ஐந்து வரியைக் கொடுத்தால் பெரும்பாலான மாணவர்கள் இப்படி எழுதுவார்கள்: ‘செல்விக்கு வர விருப்பமில்லை. சொல்லத் தயங்குகிறாள். மாலா அவள் மனதைப் புரிந்துகொண்டு பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறாள்.’

### முதல் சோதனை: எந்த வரி?

ஒவ்வொரு சொல்லுக்கும் வரி எண் கேளுங்கள். ‘விருப்பமில்லை’ எந்த வரியில்? எங்கும் இல்லை, அடித்துவிடுங்கள். ‘தயங்குகிறாள்’ எந்த வரியில்? 2-ல் 0.7 வினாடி மௌனம், 3-ல் உள்ளிழுத்த மூச்சு, இழுத்த ‘வந்து’. அப்படியானால் ‘தயங்குகிறாள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு இந்த மூன்றையும் எழுதட்டும். ‘பெருந்தன்மை’? செய்தது என்னவோ அதைச் சொல்லலாம். செல்வி ‘மாமியா-’ என்று காரணத்தைத் தொடங்கும்போதே மாலா நுழைந்து, அழைப்பை ‘முடிஞ்சா’ என்று தளர்த்துகிறாள்.

நினைக்கிறாள், விரும்புகிறாள், உணர்கிறாள், புரிந்துகொள்கிறாள் என்ற நாலு வினைச்சொற்களையும் முதல் ஒரு மாதம் வகுப்பில் தடைசெய்துவிடுங்கள். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

### இரண்டாம் சோதனை: அடுத்து பேசியவர் என்ன செய்தார்?

2, 3-ஆம் வரிகள் மறுப்பை நோக்கிப் போகின்றன என்று சொல்ல நாம் யார்? 4-ஆம் வரியில் மாலா அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள், அதுதான் ஆதாரம். நம் ஊகத்துக்குப் பதிலாக, அடுத்துப் பேசியவர் செய்ததையே காட்ட முடிந்தால் பகுப்பாய்வு நிற்கும்.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்த ஹார்வி சாக்ஸ் 1964-ல் எடுத்த தொடக்க விரிவுரையில் ஒரு மனநல அவசர மருத்துவமனைக்கு வந்த அழைப்பை எடுத்துக்கொள்கிறார். பணியாளர் தன் பெயரைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்கிறார். அழைத்தவர் ‘நீங்கள் சொன்னது கேட்கவில்லை’ என்கிறார். பணியாளர் பெயரைத் திரும்பச் சொல்கிறார். அழைத்தவர் தன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அப்படியே கடந்துபோய்விடுகிறது. அழைத்தவர் மனதில் என்ன இருந்தது என்று சாக்ஸ் துருவவில்லை. அந்த இடத்தில் வந்த அந்த வாக்கியம் என்ன வேலை செய்தது என்றுதான் பார்த்தார். மாணவர்களுக்கு இந்த ஒரு துண்டைக் காட்டினால் ஒரு வாரம் சொல்லித் தருவது மிச்சம்.

### ‘நம் பண்பாட்டில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள்’

நம் வகுப்புகளில் இந்த வாக்கியம் தவறாமல் வரும். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இந்த இடத்தில் அதைச் சொல்ல உரிமை இல்லை. தாமதித்து, மூச்சிழுத்து, காரணம் சொல்லி மறுப்பதை அமெரிக்க ஆங்கிலப் பதிவுகளிலும் 1970-கள் முதலே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பண்பாடா என்று கேட்டால் மாணவர் தானே நிறுத்துவார். வயது, சாதி, ஆண் பெண், முதலாளி தொழிலாளி என்று காரணம் சொல்லும்போதும் இதே சோதனைதான். பேசுகிறவர்கள் இந்த வரியில் அதைப் பொருட்படுத்தியதாக எதைக் காட்ட முடியும்? ‘வர்றீங்கல்ல’ என்பதிலுள்ள மரியாதை மட்டும் போதாது, அது பேச்சு முழுக்க இருக்கிறது.

எப்போது ஆளைக் கேட்பது: இரண்டு சோதனைகளும் போட்ட பிறகும் நீங்களும் மாணவரும் ஒத்துப்போகவில்லை என்றால், அதே பதிவை இந்தத் துறையில் பழகிய ஒருவரிடம் ஒலியோடு கொடுங்கள். உங்கள் விளக்கத்தை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

## ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதாரம் காணாமல் போகிறது

மாணவர் தமிழ் மூலத்தை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பை ஆராய்கிறார். மொழிபெயர்ப்பைக் கையால் மறைத்துக்கொண்டு விளக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

இதற்குள் நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நாளைக்கு அவன் வர’ என்பதுவரை ஒருவர் பேச, ‘மாட்டான்’ தொடங்கும் இடத்தில் மற்றவர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் எதிர்மறை இன்னும் வாயிலிருந்து வரவேயில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் எதிர்மறை வாக்கியத்தின் முன்பாதிக்கே வந்துவிடும், நுழைந்தவர் அதைக் கேட்டுவிட்டு நுழைந்த மாதிரி ஆகிவிடும். மூன்று வரி முறைதான் மருந்து. மேலே பேசியபடி தமிழ், நடுவில் சொல்லுக்குச் சொல், கீழே இயல்பான ஆங்கிலம். அடைப்புக்குறிகள் மேல் வரியில் மட்டும். ஆதாரமாகக் காட்டுவதும் மேல் வரியைத்தான்.

## நாலு உதாரணம் ஒத்துவந்தது, ஐந்தாவது ஒத்துவரவில்லை

மாணவர் ஐந்தாவதை ஓசைப்படாமல் தூக்கிப்போடுவார். பிடியுங்கள்.

1968-ல் வெளியான ஷெக்லாஃபின் தொலைபேசி ஆய்வு இதற்கு நல்ல பாடம். ஏறத்தாழ 500 அழைப்புகளில், போனை எடுத்தவரே முதலில் பேசுகிறார் என்ற விதி ஒன்றே ஒன்றில் பொய்த்தது. அதில் எடுத்தவர் பேசவில்லை, கொஞ்சம் மௌனத்துக்குப் பிறகு அழைத்தவர்தான் ‘ஹலோ’ என்றார். ஷெக்லாஃப் அந்த ஒன்றுக்காக விதியைத் திரும்ப எழுதினார். மணியடிப்பதே ஒரு கூப்பிடல், எடுத்தவர் சொல்லும் ‘ஹலோ’ அதற்குப் பதில், பதில் வராதபோது அழைத்தவர் மறுபடி கூப்பிடுகிறார். இப்போது 500-ம் ஒரே விதிக்குள் வந்துவிட்டன.

சோதிக்க வேண்டியவை இரண்டு. ஒத்துவராத உதாரணத்தில் பேசியவர்களே ஏதோ தவறியதாக நடந்துகொள்கிறார்களா? அப்படியானால் விதி பிழைத்தது. இல்லையென்றால் இது வேறு வகை, தனியாகச் சேகரிக்க வேண்டும். சதவிகிதம் போடும் ஆசை இந்த இரண்டும் முடியும்வரை வேண்டாம். புள்ளியியல் ஆளைத் தேடிப் போவதும் அதற்குப் பிறகுதான்.

## டேட்டா செஷனில் யாரும் வாய் திறக்கவில்லை

டேட்டா செஷன் என்றால் எல்லோரும் கூடி ஒரே பதிவைக் கேட்டு ஆராயும் அமர்வு.

### எல்லோரும் ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறார்கள்

நீங்கள் முதலில் பேசுவதை நிறுத்துங்கள். பதிவைப் பல முறை போட்டுவிட்டு, பத்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதட்டும். அப்புறம் வட்டமாக, ஆளுக்கு ஒரே ஒரு கவனிப்பு, வரி எண்ணோடு. நீங்கள் கடைசி.

### ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார்

அவருக்குப் பதிவை ஓட்டும் பொறுப்பைக் கொடுங்கள். கேட்கும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போடுவதற்குள் பேச நேரம் இருக்காது.

### எதுவும் ‘சுவாரசியமாக’ இல்லை என்கிறார்கள்

தேர்ந்தெடுத்த துண்டு நீளமாக இருக்கும். அரை நிமிடமாகக் குறையுங்கள். போன் பேச்சின் முடிவுகள் எப்போதும் வேலை செய்யும். யார் முதலில் ‘சரி’ என்றார், யார் ‘அப்புறம்?’ என்று இழுத்து மறுபடி திறந்தார், ‘வெச்சிடட்டுமா’வுக்கு முன்னால் எத்தனை முறை ‘சரி’ மாறி மாறி வந்தது என்று பார்க்கச் சொன்னாலே வகுப்பு எழுந்து உட்காரும்.

## கட்டுரையைப் படித்தால் ஒன்றும் புரியவில்லை

சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974-ல் ‘லாங்குவேஜ்’ இதழில் எழுதிய கட்டுரையை முதல் வாரமே கொடுத்திருப்பீர்கள். துறைக்கு அது அடிப்படைதான், கற்கத் தொடங்குபவருக்குப் பாறை. லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஆன்டகி இணையத்தில் வைத்த அறிமுகப் பாடத்தில் தொடங்கி, சாக்ஸின் விரிவுரைகளில் ஒன்றிரண்டைப் படிக்கலாம். ஒலிநாடாவிலிருந்து எழுதியவை என்பதால் பேசுகிற மாதிரியே இருக்கும். அப்புறம் 1968 தொலைபேசிக் கட்டுரை, கடைசியில் 1974.

அப்படியும் நகரவில்லை என்றால், கட்டுரையிலுள்ள டிரான்ஸ்கிரிப்ட் துண்டுகளை மட்டும் வெட்டி ஒரு தாளில் ஒட்டிக் கொடுங்கள். மாணவர்கள் தாங்கள் பார்த்ததை முதலில் எழுதட்டும், ஆசிரியர் எழுதியதைப் பிறகு படிக்கட்டும்.

## பதிவில் இருப்பவர் ‘என் குரலை எடுத்துவிடு’ என்கிறார்

பயப்பட வேண்டாம், வாதாடவும் வேண்டாம்.

பெயர் தெரிகிறது என்பதுதான் கவலையா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அதுதான். டிரான்ஸ்கிரிப்டில் பெயரை மாற்றும்போது அசை எண்ணிக்கை மாறாமல் பாருங்கள். ‘முருகேசன்’ போய் ‘குமரேசன்’ வந்தால் இழுத்தலும் அடைப்புக்குறியும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். ஒலியில் பெயர் வரும் இடத்தை ஆடாசிட்டியில் தேர்ந்தெடுத்து மௌனமாக்கலாம். அந்த மௌனம் நம் வேலை என்று டிரான்ஸ்கிரிப்டில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷ மாணவர் அதையும் அளந்து எழுதிவைப்பார்.

குரலே வேண்டாம் என்றால், கணினி, பென் டிரைவ், கூகுள் டிரைவ், குழுவில் ஒவ்வொருவர் போன் என்று எல்லா இடத்திலும் அழியுங்கள். அழித்தாகிவிட்டது என்று அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஆய்வேடு ஏற்கெனவே சமர்ப்பித்தாகிவிட்டது, அல்லது கட்டுரை அச்சில் இருக்கிறது என்றால் நீங்களாக எதையும் முடிவுசெய்யாதீர்கள். சம்மதப் படிவத்தின் நகலை எடுத்துக்கொண்டு, அன்றைக்கே வழிகாட்டியிடமும் நெறிமுறைக் குழுவிடமும் போங்கள்.